டமியா டிடி-02வை ரியர் வீல் டிரைவ் ஆக்கியது: மூன்று மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோர் வீல் டிரைவ் ஆர்சி கார் (நான்கு சக்கரமும் இழுக்கும் ரிமோட் கார்) ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது, கழற்றி மாட்டுவதில் ஆசையும் இருக்கிறது என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும்படி அதை மாற்றுவதைத் தாராளமாகச் செய்யலாம். டிரிஃப்டுக்காகவே, அதாவது வளைவில் வேண்டுமென்றே சறுக்கி ஓட்டவே, புதிதாக ஒரு டிடி-02 வாங்கி அதை மாற்றலாம் என்று யாராவது யோசித்தால், வேண்டாம் சாமி.

என்னிடம் இருந்தது ஜப்பானிய டமியா நிறுவனத்தின், 2013இல் வந்த டிடி-02 சேஸி (காரின் அடிச்சட்டம்). மோட்டாரிலிருந்து முன்னும் பின்னும் ஷாஃப்ட் வழியாக ஓட்டம் போகும், 1/10 அளவு, கிட்டோடு வரும் 540 பிரஷ் மோட்டார். கெட்டி பிளாஸ்டிக் டயர் மாட்டி அப்பார்ட்மென்ட் அடித்தள பார்க்கிங்கில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் பிவிசி குழாயை வளையமாக அறுத்து டயர் மேல் மாட்டி ஓட்டியவர்கள் உண்டு, அதே தத்துவம்தான், பிடிப்பு இல்லாவிட்டால் வண்டி சறுக்கும். ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும்போது வருவது ஒரு மாதிரியான சறுக்கல். முன்சக்கரம் வளைவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும், ஆக்சிலேட்டரை அழுத்தினால் மூக்கு தன்னைத் தானே வெளியே இழுத்துக்கொள்ளும், வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். நிஜ நிஸான் சில்வியாவோ டொயோட்டா ஏஇ86ஓ போவது போல முன்சக்கரம் எதிர்ப்பக்கம் முழுசாகத் திரும்பி நிற்கும் அந்தக் காட்சி வரவே வராது. பின்சக்கரத்தை மட்டும் வேகமாகச் சுழல வைக்கும்படி கியர் விகிதத்தை மாற்றுகிற ஒரு நடுவழி உண்டு. அதில் பாதிக் கிணறுதான் தாண்ட முடியும் என்று பட்டதால் நான் அதற்குள் போகவில்லை.

கழற்றும் வேலை ஒரு சாயங்காலம்தான். பலர் நடுவில் இருக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டை மட்டும் உருவிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஓட்டம் நின்றுவிடும், சரி, ஆனால் முன்பக்க டாக்போன்கள் (ஓட்டத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் சின்னத் தண்டுகள்) உள்ளேயே இருக்கும், ஸ்டியரிங் கோணத்தைத் தடுப்பதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. அதனால் பம்பரைக் கழற்றி, முன் கியர் பாக்ஸைத் திறந்து, டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்), டாக்போன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சக்கரத்தைத் தாங்கும் ஆக்சில் மட்டும் நக்கிளில் (ஸ்டியரிங்கோடு திரும்பி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் துண்டு) இருக்க வேண்டும். பிளாஸ்டிக் புஷ் இன்னும் இருந்தால் 1150 அளவு பால் பேரிங் போட்டுவிடுங்கள், இனி அந்தச் சக்கரம் தானாகத்தான் உருள வேண்டும். இன்னொன்று, டமியா ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர) வகை, சாதாரண ஸ்டார் டிரைவரால் திருகினால் தலை வழுக்கிவிடும். எனக்கு இரண்டு போச்சு.

கழற்றிய முன் டிஃப் வீணாகாது. முன்னும் பின்னும் ஒரே உருப்படிதான், அதனால் அதற்குள் ஹாட் க்ளூவை நிரப்பி, இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுழலும்படி லாக் செய்து பின்னால் மாட்டிவிட்டேன், ஒரிஜினல் அப்படியே டப்பாவில் இருக்கிறது. எம்-சீல் வைத்தாலும் நிற்கும், ஆனால் பிறகு மனசு மாறினால் கியரோடு சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இனி காசு கொடுத்து வாங்கியதற்கு வருவோம். ஆன்லைனில் பெயரில்லாத ஒரு கன்வர்ஷன் செட், அலுமினிய நக்கிள், நீள ஸ்டியரிங் ராடு, கொஞ்சம் ஸ்பேசர். பார்க்கப் பளபளவென்று இருந்தது. விளக்கத்தாள் என்று வந்தது கசங்கிய ஒரு படம், இடது நக்கிளில் துளை சற்றே கோணல், இரண்டு ஸ்க்ரூ குறைவு. விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. துளையை அரத்தால் சரிசெய்தேன், கீழ் சஸ்பென்ஷன் ஆர்மிலும் சக்கரம் உரசிய இடத்தைச் சீவ வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், ஸ்டியரிங் கோணம் நன்றாகவே கூடியது. அதைவிட முக்கியம், முழுசாகத் திருப்பும்போது உள்பக்கச் சக்கரம் வெளிச்சக்கரத்தைவிட அதிகமாக மடங்கி பிரேக் பிடித்தது போல இழுக்கும் தொல்லை குறைந்தது. செட்டுக்கு ஐந்துக்கு இரண்டரை போடுவேன், அந்த அரைகூட நக்கிளின் வடிவத்துக்காக.

ஜைரோ இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்று எனக்கு ஒரு வீராப்பு. பொத்தானைத் தொட்டால் வண்டி சுற்றியது, மறுபடி தொட்டால் மறுபடி சுற்றியது. வாட்ச்மேன் அண்ணன் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஏன் சார், இது நேரா போவாதா?" என்று கேட்டார். அடுத்த நாளே ஜைரோ ஆர்டர் செய்தேன். ரிசீவருக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாருக்கும் நடுவில் செருகும் தீப்பெட்டியைவிடச் சின்னப் பெட்டி அது. வால் விலகுவதை உணர்ந்து, நம் விரல் யோசிப்பதற்குள் முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். மாட்டியதும் வண்டியைக் கையில் தூக்கி மூக்கை இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள், சக்கரம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். தலைகீழாக இருந்தால் ரிவர்ஸ் சுவிட்சைத் தட்டுங்கள், இல்லாவிட்டால் அது உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். கெய்னை (ஜைரோ எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற அளவு) ரொம்ப ஏற்றினால் நேரான பாதையில் சக்கரம் வெடவெடவென்று நடுங்கும். நடுங்கும் இடத்துக்கு ஏற்றிவிட்டுக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். மூன்றாவது சேனல் (கூடுதல் கட்டுப்பாடு) உள்ள ரிமோட் என்றால் ஓட்டும்போதே இதைச் செய்யலாம். சர்வோவும் வேகமானதாக இருக்க வேண்டும், பழைய மந்த சர்வோவோடு ஜைரோவைச் சேர்ப்பது காசைக் கரியாக்குவது.

ஓட்டும் பழக்கமும் மாறிவிட்டது. முன்பு பயந்தால் பிரேக் பிடிப்பேன், நான்கு சக்கரமும் நிற்கும். இப்போது பிரேக் பின்னால் மட்டும், பிடித்தால் சுற்றும். ஆக்சிலேட்டரை மயிலிறகு மாதிரி தொட வேண்டும், அதற்கு அந்தப் பழைய 540 மோட்டாரே போதும் என்பது எனக்கே ஆச்சரியம். நான்கிலும் ஒரே டயர் இருந்தபோது மூக்கு வெளியே வழுக்கிக்கொண்டே போனது, முன்னால் சற்று மென்மையான டயர் போட்டதும் அடங்கியது.

தீராத குறை எடை விழும் இடம்தான், பின்னால் போதவில்லை. பேட்டரி இடப்பக்கம் நெடுக்காகப் படுத்திருக்கும் சேஸி இது, அதைப் பின்னால் தள்ள இடமே இல்லை. வீல் அலைன்மென்ட் கடையில் அலாய் வீலுக்கு ஒட்டும் ஈயத் துண்டுகளைக் கேட்டு வாங்கிப் பின்னால் ஒட்டியிருக்கிறேன், ஓரளவு உதவுகிறது. யோகோமோ ஒய்டி-2, எம்எஸ்டி ஆர்எம்எக்ஸ், 3ரேசிங் சகுரா டி5 போன்றவை பிறவியிலேயே ரியர் வீல் டிரைவ், கோணமும் எடையும் அதற்கென்றே அமைத்தவை. நண்பரின் ஆர்எம்எக்ஸை ஒரு பேட்டரி தீரும்வரை ஓட்டினேன். நான் மூன்று மாதம் அரம் போட்டுச் சேர்த்ததெல்லாம் அதில் முதல் வளைவிலேயே இருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

ஜைரோ, சர்வோ, செட், டயர் எல்லாம் கூட்டினால் அடிப்படை டிடி-02 கிட்டின் விலையைத் தாண்டிவிட்டது. அதில் ஜைரோவும் சர்வோவும் நஷ்டம் இல்லை, நாளைக்கு நல்ல சேஸி வாங்கினால் அப்படியே கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம். நக்கிள் செட்டை யாராவது கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவேன், குறைகிற இரண்டு ஸ்க்ரூவை அவர்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.