நாய்க்கு வயிறு நிற்கவில்லையா? மருந்துத் தீனியில் எந்தப் பை யாருக்கு

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் எந்தப் பெட் ஷாப்பில் போய் "நாய்க்கு மூணு வாரமா வயிறு சரியில்லீங்க" என்றாலும், கடைக்காரர் எட்டி எடுப்பது ஒரே அலமாரியில் இருந்துதான். ராயல் கேனின் கேஸ்ட்ரோஇன்டெஸ்டைனல், அதே கம்பெனியின் லோ ஃபேட், ஹைப்போஅலர்ஜெனிக், பக்கத்தில் ஹில்ஸ் கம்பெனியின் ஐ/டி (வயிற்றுக்கு), இசட்/டி (ஒவ்வாமைக்கு). எல்லாம் டாக்டர் சொல்லி வாங்க வேண்டிய மருந்துத் தீனிகள். நடைமுறையில் எவர் கேட்டாலும் கிடைக்கும், வினை அங்கேதான் ஆரம்பம். பை நல்ல பைதான். நாய்க்கும் பைக்கும் பொருத்தம் பார்க்காமல் வாங்கினால் காசு போகும், கழிச்சல் நிற்காது.

முதலில் சாதா கேஸ்ட்ரோஇன்டெஸ்டைனல். எளிதில் செரிக்கும், பெரும்பாலான நாய்கள் ஆசையாகத் தின்னும். ஆனால் பையின் பின்பக்கம் பாருங்கள்: கொழுப்பு 20% அளவில் இருக்கும். கடையில் விற்கும் சாதாரணப் பெரிய நாய்த் தீனியிலேயே பெரும்பாலும் 10 முதல் 15%தான். கழிச்சலில் இளைத்துப்போன நாய் கொஞ்சமாகத் தின்றாலும் உடம்பு பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்த கொழுப்பு அது. எலும்பு தெரிய இளைத்த நாய்க்கு அருமையான தீனி. கொழுத்த லாப்ரடாருக்கும் பக் நாய்க்கும் இதைப் போட்டால் நிலைமை மோசமாகும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கொழுப்பும் தோலும் தின்றுவிட்டுத் திங்கட்கிழமை வாந்தி எடுத்து முதுகைக் கூனிக்கொண்டு நிற்கிற நாயைப் பார்த்தால் கணையம் வீங்கியிருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதற்கு லோ ஃபேட். அதில் கொழுப்பு 7% சுமார். குடலில் கொழுப்பை உறிஞ்சும் நிணநீர்க் குழாய்கள் கெட்டுப்போன நாய்களுக்கும் டாக்டர்கள் எழுதுவது இதைத்தான்.

இந்த இரண்டிலும் கோழி வகைப் புரதம் இருக்கிறது. நம்ம பக்கத்துக்கு இது பெரிய விஷயம். பல்லடம் பிராய்லரும் நாமக்கல் முட்டையும் இருக்கிற ஊரில், நாய்க்குப் பொறந்ததில் இருந்து கோழித் தலை, கோழிக்கால், முட்டைச் சோறுதான். ஒவ்வாமை வருவது பெரும்பாலும் அடிக்கடி தின்கிற புரதத்துக்குத்தான். அப்படிப்பட்ட நாய்க்கு கேஸ்ட்ரோ பையை வாங்கிப் போட்டால் முதல் வாரம் கொஞ்சம் கெட்டிப்படும், இரண்டாம் வாரம் பழைய குருடி கதவைத் திறடி. கூடவே காதில் சீழ், பாதத்தை நக்குவது, அடிவயிற்றில் சிவப்பு இதெல்லாம் இருந்தால் நேராக ஹைப்போஅலர்ஜெனிக் பக்கம் போங்கள். அதில் புரதத்தை நொதி கொண்டு நுண்துண்டுகளாக நறுக்கியிருப்பார்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு அது அடையாளம் தெரியாது. ராயல் கேனினில் அது முக்கியமாகச் சோயா. ஹில்ஸ் இசட்/டியில் கோழி ஈரல். நறுக்கியிருந்தாலும் கோழி கோழிதான், ரொம்ப நுணுக்கமான சில நாய்களுக்கு அதுவும் சேராது. கோழிமேல் சந்தேகம் இருந்தால் சோயா பையில் தொடங்குவதே சரி.

சுவைக்கு மதிப்பெண் போட்டால் ஹைப்போஅலர்ஜெனிக் கடைசி. கறிக்குழம்பு வாசனையில் வளர்ந்த நாய் முகர்ந்து பார்த்துவிட்டு வட்டலைத் தள்ளிவிடும். வெதுவெதுப்பான வெந்நீரைத் தீனி மூழ்கும் அளவு ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். விரலால் அமுக்கினால் நடுவில் கல் மாதிரி தட்டுப்படாமல் நசுங்க வேண்டும். அப்போது வாசனை எழும்பும், தின்னும். கோழி வேகவைத்த தண்ணீரை ஊற்றி ஏமாற்றக் கூடாது, எது சேரவில்லை என்று கண்டுபிடிக்கிற பரிட்சையே கெட்டது. ஊறின தீனியை அரை மணி நேரத்துக்கு மேல் வட்டலில் விடாதீர்கள். சித்திரை வெயிலில் அது புளிக்க வெகுநேரம் ஆகாது.

செலவைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். 25 கிலோ லாப்ரடாருக்கு நாளைக்குச் சாதா கேஸ்ட்ரோ 300 கிராம் வாக்கில் ஆகும். லோ ஃபேட்டில் சத்து அடர்த்தி குறைவு என்பதால் 340 வரை போகும். 2 கிலோ பை ஒரு வாரம் தாங்காது. 15 கிலோ நாட்டு நாய்க்கு 200 கிராம், பத்து நாள் வரும். டம்ளரில் அளக்காமல் சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். அதிகத் தீனியே கழிச்சலைக் கொண்டுவரும். நாளுக்கு இரண்டு வேளையை மூன்று நாலாகப் பிரியுங்கள். பழைய தீனியோடு புதியதைக் கால் பங்கு, அரை, முக்கால் என்று கூட்டி ஒரு வாரத்தில் மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றிவிட்டு "சேரலை" என்று பையைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

பரிட்சைக் காலம் இரண்டு வாரம். தீனியால் குணமாகிற குடல் நோய் என்றால் பெரும்பாலும் அதற்குள் மலம் உருண்டுவிடும். (தோல் அரிப்பு அடங்க எட்டு வாரம் ஆகும், அது வேறு கணக்கு.) இந்த நாட்களில் வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. டீக்கடை வர்க்கி, பால் பிஸ்கட், மோர்ச் சோறு, ஈரல் வாசனை போட்ட டானிக் எல்லாமே கணக்கில் வரும். மென்று தின்கிற உண்ணி மாத்திரையிலும் மாட்டு, பன்றி வாசனை சேர்த்திருக்கும். அதைப் பரிட்சைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

சாளையில் (தோட்டத்து வீட்டில்) வளர்கிற நாய் என்றால் இன்னும் கஷ்டம். கட்டுத்தரையில் சாணி, பக்கத்துப் பண்ணையில் செத்த கோழி, தாழியில் மிச்சமிருக்கும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு என எல்லாமே அதற்குச் சாப்பாடு. பருத்திக்கொட்டையில் உள்ள காசிபால் நாய்க்கு நஞ்சு. மஞ்சள் காட்டுக்கு எருவாகப் போடுகிற ஆமணக்குப் புண்ணாக்கு அதைவிடப் பயங்கரம், நாய் அதைத் தேடிப்போய்த் தின்னும். ரத்தக் கழிச்சலில் ஓரிரு நாளில் கதை முடிந்துவிடலாம். அந்த இரண்டு வாரமும் கட்டியே வைத்து, கயிற்றைப் பிடித்து நடத்துங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்று: பையை வாங்குவதற்கு முன்னால் மலத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். ஒரு நாள் மலத்தில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் சாட்டைப்புழு முட்டையும் தட்டுப்படாமல் போகலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று தடவை, புதிதாகப் போட்டதை மூடியுள்ள டப்பியில் எடுத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். பூச்சி மாத்திரை கொடுத்தாச்சு என்பவர்கள் அட்டையின் பின்பக்கம் பாருங்கள். பைரான்டெல், பிராசிகுவான்டெல் இரண்டு மட்டும் இருந்தால் சாட்டைப்புழு சாகாது. ஃபெபான்டெல் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது டாக்டர் ஃபென்பென்டசோல் கிலோவுக்கு 50 மில்லிகிராம் கணக்கில் தொடர்ந்து மூன்று நாள் கொடுக்கச் சொல்வார். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கழிச்சலின் ரகமும் பாருங்கள். நாளைக்கு ஏழெட்டுத் தடவை, முக்கி முக்கிக் கொஞ்சமாக, சளியோடு, கடைசியில் துளி சிவப்பு ரத்தம் என்றால் பெருங்குடல். இதற்கு மருந்துத் தீனியைவிட மலிவான வழி சில நேரம் போதும்: அவித்து மசித்த அரசாணிக்காய் (பரங்கிக்காய்தான்; உப்பு, தாளிப்பு கிடையாது) இரண்டு மூன்று மேசைக்கரண்டி, அல்லது இசப்கோல் ஒரு மேசைக்கரண்டியைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, 20 கிலோ நாய்க்கு நாள் முழுக்கப் பிரித்துக் கொடுக்கலாம். தடவை குறைவு, அளவு அதிகம், நாய் இளைக்கிறது என்றால் சிறுகுடல். தீனி வேலை செய்வதும், ரத்தப் பரிசோதனை அவசியமாவதும் அங்கேதான். ஜெர்மன் ஷெப்பர்ட் அகோரப் பசியில் தின்றும் எலும்பாகி, வெளிறிப்போன எண்ணெய்ப் பிசுக்கு மலத்தைக் குவியலாகப் போட்டால் கணைய நொதி குறைவாக இருக்கலாம். நொதிப் பொடி கலக்காமல் எந்தப் பையும் உதவாது.

தார் மாதிரி கறுத்த மலம், வெளிறிய ஈறு, உண்ணி மொய்த்த உடம்பு, வயிறு நீர் கோர்ப்பது, ஊசி போடாத குட்டிக்கு நாற்றமடிக்கும் ரத்தக் கழிச்சல்: இதில் ஒன்று இருந்தாலும் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். உள்ளூரில் பிடிபடவில்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். மனிதருக்கான கழிச்சல் மாத்திரை லோபரமைடை வீட்டில் உடைத்துப் போடுவது வேண்டாம், கோலி வகை நாய்களுக்கு அது மூளைக்கு ஏறும்.

வாங்கும்போது லூஸில் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் கவரில் நிறுத்துத் தருகிற தீனிக்குத் தேதியும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை. 20% கொழுப்புள்ளது திறந்தே கிடந்தால் காறிப்போகும். தைத்த பையை வாங்கி, அந்தப் பையோடு மடித்து மூடியுள்ள எவர்சில்வர் போசிக்குள் வையுங்கள். பையை விட்டுத் தீனியை மட்டும் போசியில் கொட்டினால் அடியில் தங்கின பழைய எண்ணெய் புதுத் தீனியையும் கெடுக்கும். திறந்தால் ஒரு மாதத்துக்குள் முடியுங்கள்.

இரண்டு வாரத்தில் நின்றுவிட்டதா? பழைய சாப்பாட்டில் ஒரே ஒரு பொருளை, கோழியை மட்டும், திரும்பக் கொடுத்துப் பாருங்கள். சில நாளில் மறுபடி இளகினால் காரணம் கையில் கிடைத்தது. இளகாவிட்டால் அடுத்து பால், அடுத்து முட்டை. இதைச் செய்யாமல் மாதம் நாலு பை வாங்கிக்கொண்டே இருக்கிற வீடுகள் உண்டு, கோழியை நிறுத்தினாலே போதுமான நாய்க்கு.