எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் சீசனுக்கு மாறிவிட்டது: ஆடிப் பார்த்ததில் தோன்றியவை

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பல பேர் ஆடும் இந்தக் கேம், வருடத்துக்கு ஒரு பெரிய தொகுப்பு என்பதை விட்டுச் சின்னச் சின்ன சீசனாக வர ஆரம்பித்திருக்கிறது. புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கு இந்த மாற்றம் நல்லது, கில்டு என்ற ஆட்டக்காரர் குழுவோடு சேர்ந்து டன்ஜன் என்ற நிலவறைகளில் ஓடுகிறவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, வருடா வருடம் ஜூனில் ஒரு புது நாடு திறக்கும் என்று காத்திருந்து பழகியவர்களுக்குக் கொஞ்சம் கைகால் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். நான் மூன்றாவது வகை. அதனால் என் தராசு லேசாகச் சாய்ந்துதான் இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகப் பழைய கதை. 2014 ஏப்ரலில் மாதச் சந்தா கட்டி ஆடும் கேமாகப் பிசியில் வந்தது, அடுத்த வருடம் மார்ச்சிலேயே சந்தா கட்டாயமில்லை என்று ஆனது, 2016ல் ஒன் டாம்ரியல் அப்டேட் வந்து எந்த லெவலில் இருந்தாலும் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று எல்லாக் கதவையும் திறந்துவிட்டது. அப்புறம் 2017ல் மாரோவிண்ட் தொடங்கி 2024ல் கோல்டு ரோடு வரை வருடத்துக்கு ஒரு சாப்டர், அதாவது தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பெரிய விரிவாக்கம், மொத்தம் எட்டு. ஒவ்வொன்றிலும் புது நிலம், ஒரு முழுக் கதை, ஆறு சின்னக் குகைகள், பல பேர் சேர்ந்து வீழ்த்த வேண்டிய ஆறு பெரிய எதிரிகள், இரண்டு பொது டன்ஜன்கள், பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆட ஒரு ட்ரையல். நான்காவது சாப்டரிலேயே எனக்கு மேப்பைத் திறக்காமலே எந்த மூலையில் என்ன இருக்கும் என்று ஏறக்குறையச் சொல்ல வரும். அலுப்புதான், ஆனால் வீட்டுச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று தெரிந்திருக்கிற மாதிரி ஒரு சுகமான அலுப்பு.

அந்த அச்சு தேய்ந்துவிட்டது என்பது செய்தவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2024 டிசம்பரில், கேமை உருவாக்கும் ஸ்டுடியோவின் தலைமையில் அப்போது இருந்த மேட் ஃபைரர், இனி வருடாந்தர சாப்டர் கிடையாது, சீசன்தான் என்று அறிவித்தார். 2025 முழுக்க இடைக்கால ஏற்பாடு. கன்டென்ட் பாஸ் என்று ஒன்றை வாங்கினால் இரண்டு டன்ஜன் தொகுப்பும், இரண்டு பாகமாக வரும் சீசன்ஸ் ஆஃப் த வோர்ம் கல்ட் கதையும் அதில் அடக்கம். உண்மையைச் சொன்னால் அந்த வருடம் சீசன் என்பது பெயரில்தான் இருந்தது, பழைய சாப்டரை நடுவில் அறுத்து இரண்டு தட்டில் வைத்தது போலத்தான் எனக்குத் தோன்றியது.

அறுத்தது என்று சும்மா சொல்லவில்லை. சோல்ஸ்டிஸ் என்ற தீவின் குறுக்கே ரைதிங் வால் என்று ஒரு மந்திரச் சுவர் நெளிந்துகொண்டு நிற்கிறது, ஜூனில் மேற்குப் பாதி மட்டும்தான் கிடைத்தது, கிழக்கே என்ன இருக்கிறது என்று சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். 2014ல் கேமின் முதல் கதையில் நாம் மோதிய அதே புழுக் கூட்டம் (வோர்ம் கல்ட்) திரும்ப வருகிறது என்பதால் பழைய ஆட்கள் ஆவலோடு போனோம், கதையும் நன்றாகவே சூடு பிடித்தது, சரியாக அந்த இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். தொடர்கதைக்கு ஒரு வாரம் காத்திருக்கலாம். மாதக்கணக்கில் காத்திருந்தால் யார் யாருக்கு என்ன உறவு, யார் துரோகி, எந்தப் பாத்திரத்தை நாம் காப்பாற்றினோம் எல்லாம் மறந்துவிடுகிறது. இரண்டாம் பாகத்தில் நுழைந்தபோது என்னைக் கட்டிப்பிடிக்காத குறையாக வரவேற்ற ஒரு பாத்திரத்தை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

ஆனால் அந்தச் சுவரை உடைத்த விதத்துக்கு நான் முழு மார்க் போடுவேன். 2025 அக்டோபரில் ஒவ்வொரு சர்வரிலும் இருக்கிற எல்லோரும் சேர்ந்து முற்றுகைக்கான பொருள் சேர்க்க வேண்டும், எதிரிகளை அடிக்க வேண்டும், எல்லோருடைய உழைப்பும் ஒரே கணக்கில் ஏறும், கணக்கு நிறைந்தால் அடுத்த கட்டம். இந்தக் கேமில் மரம் வெட்டி, மூலிகை பறித்து, ஆயுதம் அடித்துக் கொடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் எப்போதும் இருக்கிறது, எந்த அப்டேட்டிலும் அவர்களை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, அந்த ஒரு நிகழ்வில் அவர்கள்தான் முன்வரிசை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள், கிரைண்ட்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கூட்டம் கூட்டமாக ஆட்கள் மூட்டை தூக்குவதைப் பார்க்கும்போது இத்தனை வருடத்தில் முதல்முறையாக இது பல பேர் ஆடும் கேம் என்று எனக்கு உறைத்தது. மற்ற நேரமெல்லாம் நாம் ஒவ்வொருவரும் தனித்தனியாக உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு உலகரட்சகர் குதிரையில் போவதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம் இல்லையா.

அப்புறம் ஒன்று நடந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு கில்டுக்குத் திரும்பி வந்த நண்பர் ஒருவர், நாங்கள் நான்கைந்து பேர் அந்தச் சுவரைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டு, "ஏங்க, எந்தச் சுவர்?" என்றார். அவருக்குத் தீவு முழுசாகத் திறந்து கிடக்கிறது. அவர் எதையும் இழந்ததாக நினைக்கவில்லை, எங்களுக்குத்தான் சப்பென்று போய்விட்டது.

சீசன் என்ற சொல்லின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கேமும் அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம் வைத்திருக்கிறது. டயாப்லோ 4, பாத் ஆஃப் எக்ஸைல் மாதிரி கேம்களில் சீசன் என்றால் புதுக் கேரக்டர், பூஜ்யத்திலிருந்து ஓட்டம், ஓட்டம் முடிந்தால் கேரக்டர் நிரந்தர உலகுக்குப் போய்விடும். அங்கே அது பொருந்துகிறது, ஏனென்றால் அந்த கேம்களின் ருசியே முதல் முப்பது மணி நேர வளர்ச்சியில்தான். டெஸ்டினி 2 வேறு வழியில் போனது, 2020 நவம்பரில் காசு கொடுத்து வாங்கிய முதல் கதையையே, செவ்வாய், புதன் உள்ளிட்ட இடங்களோடு சேர்த்துப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார்கள். கில்டு வார்ஸ் 2ல் லிவிங் வேர்ல்டு முதல் சீசன் நடந்தபோது ஆடியவர்களுக்கு மட்டும்தான் அந்த அனுபவம், ஒரு நகரமே அழிந்தது, பிறகு வந்தவர்களுக்கு அதைக் காணக் கிடைக்கவில்லை. அதை முழுசாகத் திரும்ப ஆடக்கூடியதாக மாற்ற 2022 வரை ஆனது. தற்காலிகமாக ஒன்றைச் செய்துவிட்டு எட்டு வருடம் கழித்து அதற்குப் படிக்கட்டு கட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனின் பலம் நேர் எதிரானது. 2014ல் ஒரு கிராமத்தில் கிணற்றடியில் நின்று உதவி கேட்ட கிழவி இன்றைக்கும் அதே கிணற்றடியில் நின்று உதவி கேட்பாள், நீங்கள் போனால் போதும். குரல் நடிப்போடு ஆயிரக்கணக்கான குவெஸ்டுகள், எதற்கும் கெடு கிடையாது. ஆறு மாதம் விட்டுவிட்டு வந்தாலும் இந்தக் கேம் முகம் சுளிக்காது. நண்பர்களுக்கு நான் சிபாரிசு செய்ததே இதற்காகத்தான். ஆகவே சீசனில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான், முடிந்த பிறகு என்ன மிச்சம் இருக்கும்? சோல்ஸ்டிஸ் விஷயத்தில் நிலம் இருக்கிறது, கதை இருக்கிறது, ஆகவே பாஸ். சுவர் உடைந்த அந்த அமளி மட்டும் போய்விட்டது, அது போகவேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கதைக்கு வெளியே 2025ல் வந்த பெரிய மாற்றம் சப்கிளாஸிங். மொத்தம் ஏழு கிளாஸ் (போர்வீரன், மந்திரவாதி மாதிரிக் கேரக்டர் வகை), ஒவ்வொன்றிலும் மூன்று திறன் வரிசை, லெவல் 50 ஆகிவிட்டால் உங்களுடைய மூன்றில் இரண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கிளாஸின் வரிசைகளை எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் படிக்கும்போது சொர்க்கம். நடைமுறையில் என்ன ஆனது என்றால், ஆர்க்கனிஸ்ட் என்ற கிளாஸின் அந்தப் பச்சைக் கதிரை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், எந்த டன்ஜனுக்குள் போனாலும் நாலு பக்கமிருந்தும் பச்சைப் பச்சையாகக் கதிர் பாய்கிறது. நெருப்பு கக்கும் டிராகன்நைட்டும் பச்சை, நிழலில் பதுங்கும் நைட்பிளேடும் பச்சை. தனியாக ஆடுகிறவர்களுக்கு இது அருமையான விளையாட்டுச் சாமான், நான் என் பழைய வார்டனுக்குக் கரடியை வைத்துக்கொண்டு எலும்புக்கூடுகளையும் கூட்டி ஒரு சர்க்கஸே நடத்துகிறேன். போட்டி மனப்பான்மையோடு ட்ரையல் ஓடுகிறவர்களுக்குத்தான் பில்டு, அதாவது திறன்களைச் சேர்த்து அமைக்கும் விதம், சுருங்கிவிட்டது.

இனி நிஜமான சீசன். 2026 ஜனவரியில் திட்டத்தைச் சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு சீசன், அடிப்படை கேம் வைத்திருக்கிற எல்லோருக்கும் புது உள்ளடக்கம் இலவசம், கன்டென்ட் பாஸும் இல்லை சாப்டரும் இல்லை. கூடவே டாம்ரியல் டோம்ஸ் என்ற பரிசுப் பட்டியல், இலவசத் தடம் ஒன்று, காசு கட்டும் தடம் ஒன்று, அதாவது கொடுத்த வேலைகளை முடித்துப் படிப்படியாகப் பரிசு வாங்கும் பேட்டில் பாஸ். இலவசம் என்பதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். இதுவரை புதியவர் ஒருவர் கடைப் பக்கத்தைத் திறந்தால் எந்த சாப்டர் எந்தத் தொகுப்பில் இருக்கிறது, எது சந்தாவில் வரும், எது வராது என்று தலை சுற்றிவிடும், கில்டில் யாராவது உட்கார்ந்து பாடம் எடுக்க வேண்டும். கில்டில் பாதிப் பேரிடம் புது டன்ஜன் இருக்கும், பாதிப் பேரிடம் இருக்காது. அந்தத் தொல்லை ஒழிந்தால் பெரிய நிம்மதி.

பேட்டில் பாஸ்தான் எனக்கு நெருடுகிறது. வேறொரு கேமில், பெயர் வேண்டாம், ஒரு சீசன் முழுக்க ஒரு குதிரைக்காக தினமும் லாகின் செய்து, கடைசி வாரம் காய்ச்சலில் படுத்து, இரண்டு படி மிச்சம் இருக்கும்போது காலம் முடிந்துவிட்டது. குதிரையை விட்டுவிடலாம், அந்த இரண்டு மாதமும் நான் ஆடவில்லை, ஆஜர் கொடுத்தேன் என்பதுதான் உறுத்தியது. இங்கேயும் பட்டியலில் உள்ள வேலைகள் நாம் வழக்கமாக ஆடுவதோடு தானாக நிறைகிறதா, அல்லது பட்டியலைப் பார்த்துத்தான் இன்றைக்கு எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறதா என்பதை வைத்துத்தான் நான் மார்க் போடுவேன்.

மூன்று மாதம் என்கிற இடைவெளியில் பெரிய நிலம் எதிர்பார்க்க முடியாது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு அடக்கமான துண்டுகள் வரும், சில சீசன் பிடிக்கும், சிலது பிடிக்காது, பிடிக்காததைத் தாண்டிப் போகலாம். முன்பு ஒரு சாப்டர் சரியில்லை என்றால் ஒரு வருடமே போச்சு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சீசன், பாஸ் எதையும் கண்டுகொள்ளாமல் அடிப்படை கேமை மட்டும் வாங்கி, 2014ன் முதல் கதையை முடித்துவிட்டு அப்புறம் சோல்ஸ்டிஸுக்குப் போங்கள், இல்லாவிட்டால் புழுக் கூட்டம் யார் என்றே புரியாது. மாதச் சந்தா முதல் சில வாரங்களுக்குத் தேவையில்லை. பை நிறைந்து வழிந்து, எதைத் தூக்கிப் போடுவது என்று நீங்களே வெறுத்துப்போகிற நாள் வரும், அன்றைக்கு யோசித்தால் போதும், சந்தாவோடு வரும் கிராஃப்ட் பேக் என்ற தனிப் பை அதற்குத்தான்.

எனக்குக் கிழக்கு சோல்ஸ்டிஸில் இன்னும் இரண்டு குகை பாக்கி இருக்கிறது. அந்தத் திரும்பி வந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன், வழியில் சுவர் நின்ற இடத்தைக் காட்டுவதாகவும்.