தவில் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்: என் 28,000 ரூபாய் போயிற்று

நேற்று இரவு வாசிப்பின் நடுவில் என் புதிய தவில் பிளந்துவிட்டது. ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதுகிறேன். வைகாசி நோம்பிகளுக்கு, அதாவது கோயில் திருவிழாக்களுக்கு, முன் இன்னொருவர் அதே கடையில் பணம் கட்டிவிடக்கூடாது. கடையின் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து நகரம் ஒன்றில் தோல் கருவிகளைச் செய்தும் பழுதுபார்த்தும் விற்கிற கடை.

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இந்தக் கோடை முழுவதும் மேளமும் காட்டு வேலையுமாக ஊர் சுற்றுவது என்று கிளம்பியவன் நான். தை மாதம் தொடங்கி ஈரோட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் மஞ்சள் வெட்டினேன், வேகவைத்தேன், களத்தில் காயப்போட்டுப் புரட்டினேன். இரவில் எந்த ஊரில் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்துக்கு ஆள் குறைகிறதோ அங்கே போய்த் தவில் வாசித்தேன். பங்குனியில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டி கம்பம் நட்டுத் திருவிழா தொடங்குகிற ஊர்கள், சித்திரையில் அவிநாசித் தேர் என்று வரிசையாக வாய்ப்புகள் இருந்தன. சொந்தக் கருவி மட்டும்தான் இல்லை. மஞ்சள் வேலையில் சேர்த்தது 17,000 ரூபாய், மேளத்தில் கிடைத்தது 11,000 ரூபாய். இரண்டையும் சேர்த்து மாசிக் கடைசியில் அந்தக் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்காரர் என்னைப் பட்டறைக்குள் அழைத்துச் சென்று, கடைந்து வைத்திருந்த ஒரு பலா மரக் கட்டையைக் காட்டினார். உட்புறம் நல்ல மஞ்சள் நிறம். தட்டியபோது நாதம் நின்று ஒலித்தது. தேநீர் வாங்கிக் கொடுத்தார். என் அப்பாவும் தவில்காரர் என்று சொன்னதும் எழுந்து நின்று, "கோயில் காரியத்துக்குப் போற கருவி தம்பி, இதுல நான் கை வெப்பனா?" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முன்பணம் மட்டும் தர நினைத்திருந்த நான் முழுத் தொகையையும், 28,000 ரூபாயையும், எண்ணிக் கொடுத்தேன். அவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டில் "தவில் 1, ரூ. 28,000" என்று மட்டுமே இருந்ததை அன்று நான் கவனிக்கவில்லை.

பூச்சாட்டுக்கு முன்னால் தருவதாகச் சொன்னவர் முதலில் தோல் வரவில்லை என்றார். அடுத்த வாரம், வார் பிடிக்கிற பையன் பழனிக்குக் காவடி எடுத்துப் போயிருக்கிறான் என்றார். பிறகு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். நேரில் போனால், "அண்ணன் வெளியூர் போயிருக்காருங்க" என்று கடைப் பையன் சொல்லுவான். உள்ளே அவருடைய செருப்பு கிடக்கும். பங்குனி முழுவதும் வாடகைத் தவிலில் வாசித்தேன். கிடைத்த கூலியில் பாதி அந்த வாடகைக்கே போயிற்று. சித்திரை பிறந்த பிறகுதான் கருவி கைக்கு வந்தது. எடை குறைவாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, நன்றாகக் காய்ந்த மரம் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது நோம்பியில் கட்டை நீளவாக்கில் பிளந்தது. இன்று காலை பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் வலந்தலையை, அதாவது வலப்பக்கத் தோலை, கழற்றிக் காட்டினார். ஏற்கெனவே இருந்த வெடிப்பில் மரத்தூளும் பசையும் அடைத்து, உட்புறம் முழுவதும் மஞ்சள் சாயம் பூசியிருந்தார்கள். பலாவே இல்லை, ஏதோ மலிவான மரம். மாதக்கணக்கில் மஞ்சள் கிழங்கில் கிடந்த கை என்னுடையது. அந்தக் கறை எத்தனை முறை கழுவினாலும் விரல் இடுக்கை விட்டுப் போவதில்லை. 28,000 ரூபாய்த் தவிலின் மஞ்சளோ ஈரத்துணியில் ஒரே துடைப்பில் வந்துவிட்டது.

கடையில் போய்க் கேட்டேன். "வெயில்ல வெச்சிருப்பீங்க" என்றார். பிறகு, நான் அடித்த அடி அப்படி என்றார். கடைசியில் அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல பலான்னு எங்க எழுதியிருக்குது, காட்டுங்க" என்றார். தேநீர் வாங்கிக் கொடுத்த அதே மனிதர்.

வாங்குவது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. தோல் பூட்டுவதற்கு முன் கட்டையை நேரில் பாருங்கள், ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், படம் எடுத்து வையுங்கள். மரத்தின் பெயரும் தரும் தேதியும் எழுதிய ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். முழுப்பணத்தை முன்கூட்டிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமல் மனுக் கொடுக்கலாம், அதுவும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே.

திங்கட்கிழமை நான் அந்த ஆணையத்துக்குப் போகிறேன். பிளந்த கட்டை, சாயம் ஒட்டிய துணி, 28,000 என்று எழுதிய துண்டுச் சீட்டு, மூன்றையும் ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.