வேலூர் வெயிலில் நாலு வருஷமாக ஒரு கார் சீட்

மகளுக்கு நாலு மாதம் ஆனபோது, குழந்தையைக் காரில் கட்டி உட்கார வைக்கிற கார் சீட் வாங்கினேன். விலை ஒன்பதாயிரம் சொச்சம். அப்போது சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. அதைப் பார்த்ததும் அம்மா, "கன்னுக்குட்டிய கட்ற மாதிரி கட்டி வெக்கிறியே, நான் மடியில வெச்சிக்க மாட்டனா?" என்றார்.

மடியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் எதிலோ மோதி அரை மீட்டருக்குள் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து வைக்கக் கிட்டத்தட்ட 200 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். அம்மா ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே இடுப்பைப் பிடித்துக்கொள்கிறவர்.

வாங்கினால் மட்டும் போதாது என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் கார் பழசு. சீட்டை நேராக மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி அதில் கிடையாது, காரின் பெல்ட்டை வைத்தே கட்ட வேண்டும். கடைக்காரரே மாட்டிக் கொடுத்தார், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆறு மாதம் கழித்து, பால் கொட்டியதால் உறையைக் கழற்றினேன். உள்ளே நீலத்தில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு. குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும்போது பெல்ட் நீல வழியில் போக வேண்டும், முன்பக்கம் பார்த்தால் சிவப்பு வழியில். எங்கள் பெல்ட் ஆறு மாதமாகத் தப்பான வழியில் ஓடியிருக்கிறது! அன்றிலிருந்து முழங்காலால் சீட்டை அழுத்திக்கொண்டு பெல்ட்டை நானே இழுத்து இறுக்குகிறேன். பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தோள் பட்டையை விரல்களால் கிள்ளிப் பார்ப்பேன், மடிப்பு பிடிபட்டால் அது தளர்வு. கல்யாணத்துக்குப் பட்டுப்பாவாடை கட்டிப் போகும் நாளில்தான் தகராறு. அந்தத் தடித்த துணிக்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் உள்ளே தளர்வாகவே இருக்கும். பாவாடையைப் பையில் வைத்துக்கொண்டு, மண்டபத்துக்குப் போய் மாற்றிவிடுவோம்.

குழந்தை கண் முன்னால் இருக்கட்டும், முன் சீட்டில் வைக்கலாமே என்று மனைவி கேட்டார். அந்தப் பக்கமும் ஏர்பேக் இருக்கிறது. பின்பக்கம் பார்த்த சீட்டை அங்கே வைத்தால், ஏர்பேக் வெடித்து விரியும்போது குழந்தையின் தலைக்குப் பின்னால்தான் அறையும். அதனால் பின் சீட்டேதான். 13 கிலோ வரை பின்பக்கம் பார்த்தே உட்கார வைத்தோம். அப்போது ஒரு தடவை ஏலகிரி போனோம். 14 கொண்டை ஊசி வளைவையும் தாண்டுவதற்குள் உறையை மட்டுமல்ல, என் சட்டையையும் துவைக்க வேண்டியதாயிற்று.

இந்த ஊருக்கென்று ஒரு சிக்கல், வெயில். மே மாதம் 40 டிகிரி தாண்டுகிற ஊரில் கறுப்புத் துணி போட்ட சீட்டை விற்கிறார்கள்! வெளியே நின்ற காரில் பக்கிளின் இரும்பு நாக்கு தோசைக்கல்தான். ஒருமுறை மகளின் தொடை சிவந்துபோன பிறகு, இறங்கும்போதே சீட் முழுவதையும் ஈரமில்லாத வெள்ளைத் துண்டால் மூடிவிடுகிறேன். திரும்ப ஏறும்போது நாலு கதவையும் திறந்து வைத்து, பக்கிளை என் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அவளை உட்கார வைப்பேன். காட்பாடியில் மருந்து வாங்க ரெண்டே நிமிஷம்தான் என்றாலும் அவளைக் காரில் விட்டுப் போவதில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் உள்ளே சூடு ஏறத்தான் செய்யும்.

போன வருஷம் ஆம்பூர் போகும்போது, பள்ளிகொண்டா டோல் தாண்டி ஒரு பைக் ராங் சைடில் வந்தது. பிரேக்கை மிதித்தேன், மோதவில்லை. மகள் தூக்கம் கலைந்து சிணுங்கினாள், அவ்வளவுதான். பக்கத்தில் பெல்ட் போடாமல் இருந்த அம்மா முன் சீட்டில் இடித்து உதடு கிழிந்தது. முன்னால் இருந்த என் மனைவிக்கும் முதுகில் நல்ல அடி. பேத்தியைக் கட்டி வைப்பதில் காட்டிய கவனத்தில் பாதியை நான் அம்மாவிடம் காட்டவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பெல்ட் போடாவிட்டாலும், 14 வயதுக்குள் இருக்கும் குழந்தையைப் பாதுகாப்பாகக் கட்டாவிட்டாலும் 1000 ரூபாய் அபராதம். கிரீன் சர்க்கிளில் போலீஸ் நிற்பதைப் பார்த்து முன் சீட்டில் மட்டும் பெல்ட் போடுகிற வழக்கம்தான் எங்களுக்கும் இருந்தது.

இப்போது அம்மாவும் போடுகிறார். ஆனால் கழுத்தில் உரசுகிறது என்று பட்டையை அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்வார். அப்படிப் போட்டால் மோதும்போது விலா எலும்பு தாங்காது. மேல் பட்டை தோளின் நடுவில், கீழ்ப் பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில். ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், ஒவ்வொரு தடவையும் முறைக்கிறார்.

நாலு வருஷத்தில் பட்டை நைந்துபோகவில்லை. பக்கிள் மட்டும் ரெண்டு தடவை முறுக்குத் தூளால் சிக்கியது, வெந்நீரில் அலசியதும் சரியானது. மகள் இப்போது 17 கிலோ, இந்த சீட் 18 வரைதான். அடுத்து, காரின் பெல்ட் சரியாகப் பொருந்தும்படி குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கிற பூஸ்டர் வாங்க வேண்டும். குடியாத்தத்தில் இருக்கும் தங்கை பழசைத் தன் பையனுக்குக் கேட்கிறாள். விபத்தில் மாட்டிய சீட்டாக இருந்தால் கொடுக்க மாட்டேன், இது பிரேக் அடி மட்டும்தான் பார்த்தது. அடியில் அச்சிட்டிருக்கும் காலாவதிக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டு போய், நீலக் கோட்டைக் காட்டி, நானே மாட்டிக் கொடுத்துவிட்டு வருவேன்.