வார்டா மீள்நுழைவுக் கலன்: நிலைத்தன்மைச் சோதனைக்கு எவ்வளவு உதவும்?

அமெரிக்காவின் வார்டா ஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம், விண்வெளியில் மருந்துப் படிகங்களை உருவாக்கிப் பூமிக்குக் கொண்டுவருவதற்காக வடிவமைத்த சிறு கலனை, மீள்நுழைவு, அதாவது விண்வெளியிலிருந்து வளிமண்டலத்துக்குள் திரும்புவது, குறித்த சோதனைகளுக்கான பறக்கும் ஆய்வுக்கூடமாகவும் வழங்கி வருகிறது. கலன்களின் காற்றியக்க நிலைத்தன்மையை, அதாவது காற்றில் தள்ளாடாமல் பறக்கும் தன்மையை, ஆராய்பவர்களுக்கு இந்தச் சேவை எந்த அளவுக்குப் பயன்படும் என்பதைப் பொதுவெளியில் உள்ள தகவல்களைக் கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன்.

முதல் கலன் 2023 ஜூனில் ஏவப்பட்டது. தரையிறங்குவதற்கான உரிமம் தாமதமானதால் 2024 பிப்ரவரியில்தான் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. 2025 பிப்ரவரியில் தென் ஆஸ்திரேலியாவின் கூனிப்பா தளத்தில் இறங்கிய இரண்டாவது கலன், அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தின் நிறமாலைமானியை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவியை) சுமந்து வந்தது. சுற்றுப்பாதையிலிருந்து இறங்கும் கலன் சந்திக்கும் வேகம், வெப்பம், வேதிவினைகள் அனைத்தையும் தரையில் ஒருசேர உருவாக்க இயலாது என்பதால், வெப்பக் கவச ஆய்வுக்கு இச்சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

நிலைத்தன்மை வேறு வகையான சிக்கல். மழுங்கிய முகப்புள்ள கலன், வேகம் குறைந்து ஒலியின் வேகத்தை நெருங்கும்போதுதான் பெரிதும் தள்ளாடுகிறது. அதன் பின்புறக் காற்றோட்டத்தின் அழுத்தம் கலனின் அசைவுக்குச் சற்றுப் பிந்தியே மாறுவதால், ஊசலாட்டம் தணியாமல் வளரக்கூடும். காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியைத் தாங்கி நிற்கும் தண்டே அந்தப் பின்னோட்டத்தைக் குலைத்துவிடுவதால், தடையின்றிப் பறக்கும் கலனின் தரவு மிக அரியது. 2023 செப்டம்பரில், சிறுகோளின் மண் மாதிரியுடன் இதே யூட்டாவில் இறங்கிய நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலனை நிலைப்படுத்த வேண்டிய சிறு பாராசூட் உரிய உயரத்தில் விரியவில்லை. ஆயினும் கலன் தாக்குப்பிடித்து, பெரிய பாராசூட்டின் துணையுடன் பத்திரமாக இறங்கியது. வடிவமைப்பில் இத்தகைய கையிருப்பு வலிமையை எவ்வளவு வைக்க வேண்டும் என்று அறியத்தான் பறப்புச் சோதனை தேவைப்படுகிறது.

2025 மே மாதம் இறங்கிய மூன்றாவது கலன், விமானப்படைக்காக உருவாக்கப்பட்ட நிலைம அளவீட்டுக் கருவியைச் சோதித்தது. வழிகாட்டலுக்கான கருவிதான் என்றாலும், சுழற்சியையும் முடுக்கத்தையும் பதிவு செய்யும் அத்தகைய கருவியே நிலைத்தன்மை ஆய்வுக்கும் அடிப்படை என்பதால் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒரு பறப்பு ஒரே ஒரு பாதையைத்தான் காட்டும். வடிவத்தையும் எடைமையத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க விரும்புவோர், சிறு மாதிரிகளைத் துப்பாக்கியால் சுட்டுப் பறக்கவிடும் தரைக்கூடங்களையே முதலில் நாடலாம்.

இச்சேவையைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஏவுவதற்கு முன் துல்லியமாக அளந்த எடைமையம், பாராசூட் விரியும் கணம் வரையிலான அடர்த்தியான சுழற்சித் தரவு, இறங்கும் நாளில் பலூன் மூலம் எடுத்த மேல்வளிக் காற்றின் அளவீடு ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். காற்றின் வேகம் தெரியாவிட்டால், கலன் எந்தக் கோணத்தில் காற்றை எதிர்கொண்டது என்பதை இறுதிக்கட்டத் தரவிலிருந்து நம்பகமாகப் பிரித்தறிய முடியாது.