எர்த் துளையில் பல்பு எரிந்ததை நம்பி ஏமாந்தோம்

போன மாதம் அம்மா சமையலறையில் ஃபிரிட்ஜைத் தொட்டதும் ஷாக் அடித்துக் கீழே விழுந்தார். மேடையின் விளிம்பில் தலை இடித்து நான்கு தையல். அப்போது ஃபிரிட்ஜ் ஓடவே இல்லை. சத்தம் நின்றுபோயிருந்ததால் கரண்ட் வரவில்லை என்று நினைத்து, என்ன ஆச்சு என்று பார்க்கப் போயிருக்கிறார். ஈரத் தரை, வெறுங்கால். ஓடாத ஃபிரிட்ஜ் எப்படி ஷாக் அடிக்கும்? அதற்குப் பதில் தெரிந்தபோதுதான் எட்டு மாதத்துக்கு முன் வயரிங் செய்தவர் எங்களை எப்படி ஏமாற்றினார் என்பதும் தெரிந்தது.

திருச்சியில் எங்களுடையது பழைய வீடு. சமையலறையையும் குளியலறையையும் இடித்துக் கட்டியபோது, டைல்ஸ் ஒட்டிய மேஸ்திரி ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். கூலி 18,000 ரூபாய், சாமான் தனி. வேலை முடிந்த அன்று அவர் எங்களைக் கூப்பிட்டு, ஒரு ஹோல்டரில் பல்பை மாட்டி, அதன் ஒரு வயரை பிளக் பாயிண்டில் கரண்ட் வரும் ஃபேஸ் துளையிலும், இன்னொன்றை மேலே இருக்கும் எர்த் துளையிலும் (கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் பாதுகாப்பு வழி) வைத்துக் காட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்தது. "பாத்துக்கோங்க சார், எர்த் சூப்பரா இருக்கு" என்றார். சந்தோஷமாகப் பணத்தைக் கொடுத்தோம்.

ஷாக் அடித்த மறுநாள் உரிமம் வைத்திருக்கும் வயதான வயர்மேன் ஒருவரை அழைத்து வந்தேன். மெயினை அணைத்துவிட்டு ஃபிரிட்ஜ் பாயிண்டைக் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே சிவப்பு (ஃபேஸ்), கருப்பு (கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல்) இரண்டு வயர்கள்தான் வந்திருந்தன. எர்த்துக்கான பச்சை வயரே இல்லை. நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வயர் போட்டு லூப் அடித்திருந்தார்கள். "எர்த் இழுக்கவே இல்ல தம்பி, நியூட்ரலையே எர்த்னு காட்டியிருக்கான்" என்றார்.

அந்த பாயிண்டுக்கு நியூட்ரல் வரும் வழியில் ஒரு ஜாயிண்ட். வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தது, அது விட்டுப்போயிருக்கிறது. திரும்பிப் போக வழி இல்லாததால் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. ஆனால் ஃபேஸில் வந்த 230 வோல்ட், ஃபிரிட்ஜின் மோட்டார் வழியாக நியூட்ரல் திருகுக்கு வந்து, அந்தத் துண்டு வயர் வழியாக எர்த் திருகுக்கும், அதிலிருந்து ஃபிரிட்ஜின் உலோக பாடிக்கும் ஏறி நின்றிருக்கிறது. அம்மாவின் கை பட்டதும் அவர் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கியது.

அன்று பல்பு எரிந்ததும் அந்தத் துண்டு வயரால்தான். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தால் எந்த பல்பும் எரியும். இன்னொன்றும் வயர்மேன் சொன்னார்: உண்மையான எர்த்தாக இருந்திருந்தால் பல்பு எரிந்திருக்கவே கூடாது. டி.பி.யில், அதாவது வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டியில், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறது (ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள்). கரண்ட் அந்த அளவுக்குக் கசிந்தாலே தானாக அணைந்துவிடும் (ட்ரிப் ஆகும்) சுவிட்ச் அது. 60 வாட் பல்பு இழுப்பது சுமார் 260 மில்லி ஆம்பியர். அவ்வளவும் எர்த்தில் போனால் அந்த நொடியே ட்ரிப் ஆக வேண்டும். அது ட்ரிப் ஆகாமல் பல்பு நின்று எரிந்ததே திருட்டுக்குச் சாட்சி. அது தெரியாமல் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, அம்மாவுக்கு ஷாக் அடித்தபோதாவது அந்த ஆர்.சி.சி.பி. அணைத்திருக்க வேண்டுமே? குடிவந்த முதல் வாரத்தில் அது மூன்று முறை ட்ரிப் ஆனது. வயரிங் செய்த அந்த எலக்ட்ரீஷியனையே கூப்பிட்டோம். வந்து ஏதோ செய்துவிட்டு, சரியாகிவிட்டது என்று 500 ரூபாய் வாங்கிப் போனார். சமையலறை, குளியலறை லைன்களை ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலேயே எடுத்து நேராகக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆர்.சி.சி.பி.யில் 'டி' (T) என்று ஒரு சிறிய பட்டன் இருக்கும். அழுத்தினால் வீட்டில் அதன் பாதுகாப்பில் இருக்கும் அத்தனையும் அணைய வேண்டும். எங்கள் வீட்டில் அழுத்தியபோது ஹால் அணைந்தது, சமையலறை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. உங்கள் வீட்டில் இன்றைக்கே அழுத்திப் பாருங்கள்.

கீசர் பாயிண்டிலும் இதே கதை. 3,000 வாட் கீசர், 13 ஆம்பியர் இழுக்கும். 4 ஸ்கொயர் எம்.எம். வயருக்கு பில் வாங்கியிருக்கிறார், சுவருக்குள் கிடந்தது மெல்லிய 1 ஸ்கொயர். வயரின் மேலேயே அளவு அச்சாகியிருக்கும், படித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு மாதமாக அந்தப் பக்கம் மீன் வாடை போல ஒன்று வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சமையல் என்று விட்டுவிட்டோம். சாக்கெட் கருகும் வாடை சில நேரம் அப்படித்தான் இருக்குமாம். கழற்றியபோது பின்பக்கம் பழுப்பாக உருகியிருந்தது.

அந்த எலக்ட்ரீஷியனுக்கு போன் செய்து கேட்டேன். "லைட் எரிஞ்சுதுல்ல, ஃபேன் சுத்துச்சுல்ல, அப்புறம் என்ன சார்?" என்று வைத்துவிட்டார். பிறகு எடுக்கவில்லை. மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று அவரிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

வேலை நடக்கும் வீடுகளில் பிளக் பாயிண்ட் பெட்டியை மூடுவதற்குள் பாருங்கள். ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் மூன்று வயர் வர வேண்டும், பச்சை வயர் டி.பி. வரை போய் மண்ணில் இருக்கும் எர்த் குழியில் சேர வேண்டும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூடிய பெட்டியை நீங்களாகக் கழற்றாதீர்கள், அதற்கு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

அதே ஆள் இப்போது எங்கள் பின் தெருவில் ஒரு வீட்டுக்கு வயரிங் செய்கிறார். நேற்று அந்த வீட்டு அக்காவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே இன்னும் பூச்சு வேலை முடியவில்லை, பெட்டிகள் திறந்தே இருக்கின்றன.