நெக்ஸான் மின்கார்: ஆண்டைப் பார்ப்பதா, பேட்டரியைப் பார்ப்பதா?

2025 ஜனவரியில் டாடா நெக்ஸான் மின்காரை வாங்கச் சென்றபோது என் முன்னே மூன்று வண்டிகள் இருந்தன. முதலாவது 2024-இல் தயாரான 40.5 யூனிட் பேட்டரி வண்டி. கணிசமான தள்ளுபடியுடன் கிடைத்தது. இரண்டாவது, 2024 டிசம்பரில் தயாரான 45 யூனிட் பேட்டரி வண்டி. அதற்குத் தள்ளுபடி கொஞ்சம்தான். மூன்றாவது அதே 45, ஆனால் 2025-இல் தயாரானது, முழு விலை. மூன்றையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்து, ஏறத்தாழ இரண்டு வாரம் கணக்குப் போட்ட பின் இரண்டாவதை எடுத்தேன். ஓராண்டுக்கு மேல் ஓட்டிய பிறகும் அந்த முடிவு சரியென்றே தோன்றுவதால் அதன் காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

பெட்ரோல் காரில் ஆண்டு மாறினால் பெரும்பாலும் முகப்பு விளக்கும் இருக்கை உறையும் மாறும். எஞ்சின் பல ஆண்டுகள் அதுவாகவே இருக்கும். மின்காரில் நிலைமை வேறு. 2020-இல் நெக்ஸான் மின்கார் 30.2 யூனிட் பேட்டரியுடனும், ஒருமுறை முழுதாக ஏற்றினால் 312 கிலோமீட்டர் என்ற சான்றிதழ் தூரத்துடனும் வந்தது. 2022 மே மாதம் மேக்ஸ் என்ற பெயரில் 40.5 யூனிட் பேட்டரி சேர்ந்து, தூரம் 437 ஆனது. 2023 செப்டம்பரில் முகப்பு, உட்புறம், மோட்டார் மூன்றும் மாறி, அதே 40.5 பேட்டரியில் 465 கிலோமீட்டர் என்றார்கள். 2024 செப்டம்பரில் 45 யூனிட் பேட்டரியும் 489 கிலோமீட்டரும் வந்தன. ஐந்தாண்டுக்குள் இத்தனை மாற்றங்கள் நடந்திருக்கும்போது, "இது எந்த ஆண்டு வண்டி" என்ற கேள்வியைவிட "இதில் எந்த பேட்டரி இருக்கிறது" என்ற கேள்வியே முதலில் கேட்கத்தக்கது.

இந்த எண்களைப் பார்க்கிறவர் 45-இன் சிறப்பு 24 கிலோமீட்டர் கூடுதல் தூரம்தான் என்று நினைக்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். சான்றிதழ் தூரம் ஆய்வகக் கணக்கு என்பது ஓட்டுகிறவர்கள் அனைவரும் அறிந்ததே. 45 பேட்டரிக்கு நடைமுறையில் 350 முதல் 370 கிலோமீட்டர் வரை கிடைக்கும் என்று நிறுவனமே தனியாகச் சொல்கிறது. நான்கு வழிச்சாலையில் குளிர்சாதனத்தை ஓடவிட்டு 90 முதல் 100 வேகத்தில் செல்லும்போது எனக்கு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டரை ஒட்டிக் கிடைக்கிறது. அந்தக் கணக்கில் கூடுதலான நாலரை யூனிட் தருவது முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

உண்மையான வேறுபாடு மின்னேற்றும் வேகத்தில் இருக்கிறது. விரைவு மின்னேற்றியில் 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை ஏற்றுவதற்கு 40.5 பேட்டரி ஏறத்தாழ 56 நிமிடம் எடுக்கிறது. 60 கிலோவாட் மின்னேற்றி கிடைத்தால் 45 பேட்டரிக்கு 40 நிமிடம் போதும். பெரிய பேட்டரி குறைந்த நேரத்தில் நிரம்புகிறது என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. இதைக் கணக்காக்கினால், பழைய பேட்டரி அந்த 70 சதவீதத்தை, அதாவது சுமார் 28 யூனிட்டை, சராசரியாக 30 கிலோவாட் வேகத்தில் வாங்குகிறது, புதியது 31.5 யூனிட்டை 47 கிலோவாட் வேகத்தில் வாங்குகிறது.

எனக்கு இது ஏன் முக்கியமாயிற்று என்றால், மாதம் இருமுறையாவது திருச்சியிலிருந்து சென்னைக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. அந்த 330 கிலோமீட்டரை இரண்டு பேட்டரிகளில் எதைக் கொண்டும் நெடுஞ்சாலை வேகத்தில், நெஞ்சு படபடக்காமல், ஒரே மூச்சில் கடக்க முடியாது. ஆகவே விழுப்புரத்தை ஒட்டியோ உளுந்தூர்பேட்டையை ஒட்டியோ ஒருமுறை நிறுத்தியே ஆகவேண்டும். அந்த ஒரு நிறுத்தம் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பும் நேரமா, சாப்பிட்டு முடித்த பிறகும் வண்டியருகே நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கும் நேரமா என்பதுதான் என் தேர்வைத் தீர்மானித்தது.

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. வழியில் இருக்கும் மின்னேற்றிகள் எல்லாம் 60 கிலோவாட் திறனுள்ளவை அல்ல; 30 கிலோவாட் மின்னேற்றிகளும் உண்டு, 60 என்று எழுதப்பட்டிருந்தாலும் இரண்டு வண்டிகள் சேர்ந்து நின்றால் பாதியாகப் பிரிந்துவிடுபவையும் உண்டு. 30 கிலோவாட் மின்னேற்றியில் 40.5-க்கும் 45-க்கும் வேக வேறுபாடே இல்லை என்பது மேலே போட்ட கணக்கிலிருந்தே தெளிவாகும். எனவே வாங்குமுன் தாம் வழக்கமாகச் செல்லும் சாலையில் எந்தத் திறனுள்ள மின்னேற்றிகள் இருக்கின்றன என்று செயலியில் பார்த்துக்கொள்வது, ஷோரூமில் ஒரு மணி நேரம் பேசுவதைவிடப் பயன் தரும்.

மற்ற வேறுபாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 45-இன் மேல் ரகத்தில் பரந்த கண்ணாடிக் கூரை வந்தது. திருச்சி மே மாத வெயிலில் அதைத் திரையிட்டு மூடியே வைத்திருக்கிறேன். முன்மூடிக்கு அடியில் மின்னேற்றும் கம்பியை வைக்கச் சிறிய இடம் கிடைக்கிறது. இது உண்மையிலேயே உதவுகிறது. காரிலிருந்து வீட்டுச் சாதனங்களுக்கு மின்சாரம் எடுக்கும் வசதி 2023 செப்டம்பர் மாற்றத்திலேயே வந்துவிட்டதால் அது இரண்டு பேட்டரிக்கும் பொது. பாதுகாப்பும் அப்படியே: 2024 ஜூனில் வெளியான பாரத் என்கேப் மோதல் சோதனை முடிவில் இந்த வண்டி பெரியவர்களுக்கு 32-க்கு 29.86, குழந்தைகளுக்கு 49-க்கு 44.95 புள்ளிகளுடன் ஐந்து நட்சத்திரம் பெற்றது. பேட்டரிக்காகத் தரை உயர்ந்திருப்பதால் பின்னிருக்கையில் உயரமானவர்களுக்கு முழங்கால் சற்று மேலே தூக்கியிருக்கும். இந்தக் குறை எந்த ஆண்டு வண்டியிலும் தீரவில்லை.

பேட்டரி 45 என்று முடிவான பிறகுதான் 2024 டிசம்பரா, 2025-ஆ என்ற கேள்விக்கு வந்தேன். பொருளில் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. ஒரு மாத இடைவெளிதான். ஆனால் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் பதிவாகும், நாளை விற்கும்போது வாங்குகிறவர் அந்த ஆண்டைத்தான் பார்ப்பார். ஆகையால் தள்ளுபடி என்பது ஷோரூம் காட்டும் கருணை அன்று. மறுவிற்பனையில் நாம் இழக்கப்போகும் தொகையை முன்கூட்டியே திருப்பித் தருவதுதான். நான்கைந்து ஆண்டில் விற்றுவிடுகிறவர் அதைக் கறாராகப் பேசி வாங்க வேண்டும். என்னைப்போல் பத்தாண்டுக்குக் குறையாமல் ஓட்டுகிறவருக்கு அந்த ஓர் ஆண்டு வேறுபாடு கடைசியில் கரைந்துவிடும், தள்ளுபடி மட்டும் கையில் நிற்கும். முன்பணம் கட்டும் முன்பே தயாரிப்பு மாதத்தை எழுத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும். விற்பனைச் சான்றான படிவம் 21-இலும் அது இருக்கும் என்பதால், ஆர்.சி. வந்த பிறகு வியப்படைய வேண்டிய அவசியம் இல்லை.

மாதக்கணக்கில் யார்டில் நின்ற வண்டி என்றால் இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். மின்காரிலும் 12 வோல்ட் சிறு பேட்டரி ஒன்று உண்டு. நெடுநாள் நின்றால் அதுதான் முதலில் சோர்ந்துபோகும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பெரிய பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையைச் சேர்ந்தது. இவ்வகை சில மாதம் நிற்பதால் கெட்டுவிடுவதில்லை. ஆயினும் மீதியுள்ள மின்னளவைச் சரியாகக் காட்ட அவ்வப்போது நூறு சதவீதம் வரை ஏற்றப்பட வேண்டும் என்பதால், டெலிவரிக்கு முன் ஒருமுறை முழுதாக ஏற்றித் தரச் சொன்னேன். விற்பனையாளரான இளைஞர் முதலில் தயங்கினாலும், மறுநாள் காலை நூறு சதவீதத்துடன் வண்டியைத் துடைத்து நிறுத்தியிருந்தார்.

வாங்கிய பிறகு நடந்த இரண்டு செய்திகள் என் எண்ணத்தை மேலும் உறுதிப்படுத்தின. 2025 நடுவில் 45 பேட்டரிக்கு முதல் உரிமையாளர்களுக்கு வாழ்நாள் உத்தரவாதம் அறிவிக்கப்பட்டது. வாழ்நாள் என்றால் பதிவு நாளிலிருந்து 15 ஆண்டு. முன்னரே வாங்கியவர்களுக்கும் அது பொருந்தியது. 2024 டிசம்பர் என்று ஆர்.சி.யில் இருப்பது அதற்குத் தடையாக இல்லை. இதற்கு மாறாக, 2025 செப்டம்பரில் மேல் ரகத்தில் வந்த ஓட்டுநர் உதவி வசதிகள் கேமராவை நம்பியவை. அவற்றை மென்பொருளால் என் வண்டியில் சேர்த்துவிட முடியாது. அவை தேவை என்று கருதுகிறவருக்கு மட்டும் ஆண்டுக்கணக்கு உண்மையிலேயே பொருளுள்ளது. லாரிகளும் இருசக்கர வண்டிகளும் எதிர்த்திசையிலும் வரும் நம் சாலையில் அந்த வசதி இல்லாததை நான் இதுவரை ஒரு குறையாக உணரவில்லை.

நான் தள்ளிவிட்ட அந்த முதல் வண்டியை, அதாவது 2024-இன் 40.5-ஐ, உறையூரில் இருக்கும் என் மைத்துனர் வாங்கினார். கடைக்கும் வீட்டுக்குமாக நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவர். வெளியூர் என்றால் ரயில்தான். இரவில் வீட்டு 15 ஆம்பியர் சாக்கெட்டில் வாரம் இருமுறை செருகிவிடுகிறார். 56 நிமிடமா, 40 நிமிடமா என்று நான் கணக்குப் போட்ட அந்த விரைவு மின்னேற்றியின் முன் அவர் இதுவரை ஒருமுறைகூட நின்றதில்லை.